டிராக்டருக்கும் சரக்கு வண்டிக்கும் அலுமினிய ரேடியேட்டர்: தேர்வு செய்யும் முறை

பிசான நெல்லுக்குத் தொழி உழவு நடக்கும் நாட்களில் ஒரு டிராக்டர் கொதித்து நின்றுவிட்டால், நட்டம் பட்டறைச் செலவோடு முடிவதில்லை. வாய்க்காலில் தண்ணீர் முறை தவறுகிறது. நாற்றின் வயது கூடுகிறது. வாடகைக்கு உழவு பேசியிருந்த பக்கத்து வயல்காரரும் வேறு வண்டி தேடிப் போய்விடுகிறார். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்குச் செல்லும் சிறு சரக்கு வண்டியின் நிலையும் இதுவே. மலை ஏற்றத்தில் எஞ்சின் கொதித்தால் அன்றைய சரக்கு வாடிவிடும். கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சினின் தலைப்பகுதியே வளைந்துவிடும்.

இத்தகைய வண்டிகளில் ரேடியேட்டர் பழுதானால் இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அலுமினிய ரேடியேட்டர்தான். 'அலுமினியம் உழைக்காது' என்று சிலரும், 'அலுமினியமே சிறந்தது' என்று சிலரும் சொல்வதுண்டு. உண்மையில் ரேடியேட்டரின் ஆயுளை உலோகத்தின் பெயர் மட்டும் முடிவு செய்வதில்லை. அதன் கட்டுமானம், அதில் ஊற்றும் தண்ணீர், அதைப் பொருத்தும் முறை ஆகிய மூன்றுமே முடிவு செய்கின்றன. இவற்றை அறிந்து வாங்கினால் பணம் வீணாகாது.

ரேடியேட்டரின் வேலை

எஞ்சினில் எரியும் டீசலின் வெப்பம் முழுவதும் உழவாக மாறுவதில்லை. ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. ஏறத்தாழ கால் பங்கு எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது. ஒரு லிட்டர் டீசலில் இந்தக் கால் பங்கு வெப்பம் மட்டுமே சுமார் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. மணிக்கு 4 லிட்டர் டீசல் செலவாகும் டிராக்டரில், 120 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தை ரேடியேட்டர் ஒவ்வொரு மணி நேரமும் காற்றில் கொட்டியாக வேண்டும்.

சமவெளிச் சாலையில் வேகமாக ஓடும் காருக்கு எதிர்க்காற்று தானாகவே கிடைக்கிறது. தொழியில் ரொட்டவேட்டர் இழுக்கும் டிராக்டருக்கும், சுமையோடு தாழ்ந்த கியரில் மலையேறும் வண்டிக்கும் அந்த வசதி இல்லை. எஞ்சின் முழுச் சக்தியில் உழைக்கிறது. வண்டியோ நகர்வது மெதுவாக. ஃபேன் இழுக்கும் காற்றுதான் ஒரே ஆதரவு. ஆகவே காருக்குப் போதுமான ரேடியேட்டர் இத்தகைய வேலைக்குப் போதாமல் போகலாம்.

மாற்றுமுன் சோதிக்க வேண்டியவை

எஞ்சின் கொதிக்கும்போதெல்லாம் ரேடியேட்டர்மீது பழி போடுவது சரியன்று. புதிது வாங்குவதற்கு முன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. தகட்டு மடிப்புகளில் வைக்கோல் தூசு, சேறு, பூச்சிகள் அடைத்துள்ளனவா? வெளி அடைப்பு நீங்கினாலே பல வண்டிகளில் குறை தீர்ந்துவிடும்.

2. ஃபேன் பெல்ட் தளர்ந்துள்ளதா? ஃபேனைச் சுற்றியுள்ள கவசம் உடைந்தோ கழன்றோ உள்ளதா? கவசம் இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கவாட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

3. மூடியின் ரப்பர் வெடித்துள்ளதா? ஸ்பிரிங் தளர்ந்துள்ளதா?

4. கீழ் ஹோஸ் குழாய் உள்ளே சுருங்குகிறதா? வாட்டர் பம்பில் கசிவு உண்டா?

5. தெர்மோஸ்டாட் திறக்கிறதா? அதைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தால் தெரியும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டே ஓட்டும் பழக்கம் நல்லதன்று. எஞ்சின் தேவையான சூட்டை அடையாமல் டீசல் கூடுதலாகச் செலவாகும். சிலிண்டரும் விரைவில் தேயும்.

6. எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவிட்டு ஓடவிட்டால், தண்ணீரில் தொடர்ந்து குமிழி வருகிறதா? எண்ணெய் மிதக்கிறதா? இருந்தால் குறை ஹெட் கேஸ்கட்டில் இருக்க வாய்ப்பு அதிகம். ரேடியேட்டரை மாற்றுவதால் அது தீராது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கொதித்தால், ரேடியேட்டரின் உட்குழாய்களில் உப்புப் படிந்து அடைத்திருக்கலாம். எஞ்சின் சூடானபின் நிறுத்தி, ஃபேன் நின்றபிறகு தகட்டுப் பரப்பின் அருகே கையை நகர்த்திப் பார்த்தால், அடைத்த பகுதி மட்டும் சூடின்றி இருப்பது தெரியும்.

செம்பும் அலுமினியமும்

பழைய வண்டிகளின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்ந்தது. தண்ணீர் ஓடும் குழாய்கள் பித்தளை. காற்றுப்படும் மடிப்புகள் செம்பு. இரண்டையும் இணைப்பது ஈயப்பற்று. செம்பு 100 பங்கு வெப்பம் கடத்தும் இடத்தில் அலுமினியம் ஏறத்தாழ 60 பங்கு கடத்துகிறது. ஆனால் பித்தளை கடத்துவது 30 பங்கு அளவே. ஈயம் அதனினும் மிகக் குறைவு. ஆகவே செம்பின் மேன்மை குழாயிலும் பற்றிலும் பெருமளவு குறைந்துவிடுகிறது.

அலுமினிய ரேடியேட்டரில் குழாய், மடிப்பு இரண்டும் ஒரே உலோகம். ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலையில் வைத்து இவை ஒன்றாகப் பற்றவைக்கப்படுகின்றன. இடையில் ஈயம் இல்லை. செம்பின் எடை தண்ணீரைப்போல் 8.9 மடங்கு, அலுமினியத்தின் எடை 2.7 மடங்கு. எடை குறைவாதலால் குழாயின் சுவரைத் தடிப்பாகவும், குழாயை அகலமாகவும் செய்ய முடிகிறது. செம்பில் அரை அங்குலக் குழாய் நான்கு வரிசை நிற்கும் இடத்தில், அலுமினியத்தில் ஓரங்குலக் குழாய் இரண்டு வரிசை நிற்கும். ஐரோப்பியக் கார்களில் 1970-களிலிருந்து அலுமினியம் பரவியதற்கு எடைக்குறைவும் விலைக்குறைவுமே முக்கியக் காரணங்கள்.

செம்பு, பித்தளைக்கும் ஒரு பெரிய சிறப்பு உண்டு. ஓட்டை விழுந்தால் ஈயப்பற்று வைக்கத் தெரிந்த பட்டறையில் அன்றே அடைத்துவிடலாம். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும். மெல்லிய குழாயில் அதைச் செய்வதற்கு நல்ல கைப்பழக்கமும் வேண்டும். எல்லா ஊரிலும் அது கிடைப்பதில்லை.

அலுமினியத்தை அரிப்பது எது?

போர்டோ கலவை தயாரிக்கும் உழவர்களுக்கு ஒரு சோதனை நன்கு தெரியும். கலவையில் இரும்புக் கத்தியை நனைத்தால், மயில்துத்தம் மிகுந்திருக்கும்போது கத்தியின் மேல் செம்பு சிவப்பாகப் படியும். அப்போது இரும்பு சிறிது கரைகிறது; கரைசலிலிருந்த செம்பு அதன் இடத்தில் அமர்கிறது. சுண்ணாம்பு இன்னும் வேண்டும் என்று இதிலிருந்து தெரிந்துகொள்கிறார்கள்.

இதே செயல் ரேடியேட்டருக்குள்ளும் நடக்கலாம். அலுமினியம் இரும்பைவிட எளிதில் கரையும் இயல்புடையது. அதன் மேல் இயற்கையாக அமையும் மெல்லிய ஆக்சைடு படலமே அதைக் காக்கிறது. வண்டியில் பித்தளைப் பாகமோ செம்புக் குழாயோ இருந்து, உப்புத் தண்ணீர் ஓடினால், கரைந்த செம்பு அலுமினியக் குழாயில் ஆங்காங்கே படிந்து ஊசித்துளை போட்டுவிடும். தண்ணீரில் உள்ள குளோரைடு உப்பும் அந்தப் படலத்தைக் குத்தும். படலத்தை முற்றாகக் கரைப்பது காரம். பழைய ரேடியேட்டரை சலவைச் சோடா, காஸ்டிக் சோடா போட்டுக் கழுவும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அலுமினியத்தில் அதைச் செய்யவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைத்துவிடும்.

மயில்துத்தக் கரைசல் வெளியிலிருந்து தெறித்தாலும் கெடுதியே. எலுமிச்சைக்கும் தென்னைக்கும் மருந்து அடிக்கும் கருவியை டிராக்டரில் ஏற்றிச் செல்வோர், கரைசல் ரேடியேட்டரின் மேல் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிந்தினால் உடனே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உர மூட்டைகளை ரேடியேட்டரை ஒட்டி அடுக்கி வைப்பதும் தவறு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடைக்குப் போகும்போது பழைய ரேடியேட்டரைக் கையோடு கொண்டு போவது நல்லது. உயரம், அகலம், கனம், மேல் கீழ் குழாய்களின் விட்டம், அவை இருக்கும் பக்கம், தாங்கும் துளைகளின் இடைவெளி அனைத்தையும் ஒப்பிட வேண்டும். 'சிறிது தட்டிப் பொருத்திக்கொள்ளலாம்' என்று சொல்லி விற்கும் பொருளை வாங்கக் கூடாது. கட்டாயப்படுத்திப் பொருத்திய அலுமினியம் பற்றிடத்தில் விரிசல் விடும்.

மடிப்பு: உலையில் பற்றவைத்த வகையே பளுவான வேலைக்கு ஏற்றது. வட்டக் குழாயை விரித்து மடிப்புக்குள் இறுக்கிச் செய்த வகையும் உண்டு. அதிர்வு மிகுந்த வண்டியில் இந்த இறுக்கம் நாளடைவில் தளரலாம். மடிப்பை விரலால் மெல்லத் தள்ளினால் அது குழாயை விட்டு நகரக் கூடாது.

மடிப்பு இடைவெளி: நெருக்கமான மடிப்பு சோதனைச் சாலையில் நன்றாகக் குளிரவைக்கும்; வயலில் தூசு அடைத்துக்கொள்ளும். கதிரடிக்கும் களத்திலும் ஆடிக் காற்றிலும் ஓடும் டிராக்டருக்குச் சற்று அகன்ற இடைவெளியே நல்லது. தார்ச்சாலையில் மட்டும் ஓடும் சரக்கு வண்டிக்கு நெருக்கமானது பொருந்தும்.

கனம்: கனமான ரேடியேட்டர் எப்போதும் சிறந்தது என்று எண்ணக் கூடாது. முதல் வரிசையில் சூடேறிய காற்றே பின் வரிசைகளுக்கும் போகிறது. முகப்புப் பரப்பு பெரிதாக இருப்பது, கனம் பெரிதாக இருப்பதைவிட மேலானது.

தொட்டி: மேலும் கீழும், அல்லது பக்கங்களிலும் உள்ள தொட்டிகள் பல ரேடியேட்டர்களில் பிளாஸ்டிக்கால் ஆனவை. ரப்பர் பட்டை வைத்து அலுமினிய விளிம்பை மடக்கி அவை இறுக்கப்படுகின்றன. சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டுச் சில ஆண்டுகளில் பிளாஸ்டிக் வெளுத்து விரிசல் விடலாம். மலைச்சாலையில் பளு ஏற்றும் வண்டிக்கு அலுமினியத் தொட்டியையே வெல்டு செய்த வகை கிடைத்தால் அதை எடுக்கலாம். வெல்டிங் கோடு இடைவெளியின்றிச் சீராக இருக்க வேண்டும். துளைத்துளையாகவோ, மேலே பூசி மறைத்ததாகவோ இருந்தால் விலக்க வேண்டும்.

கசிவுச் சோதனை: வாய்களை அடைத்து, மூடியில் குறித்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காட்டும்படி கடைக்காரரிடம் கேட்க வேண்டும். ஒரு குமிழியும் வரக் கூடாது. உத்தரவாதக் காலம் எழுதிய பில்லைத் தவறாமல் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

மூடியும் அழுத்தமும்

ரேடியேட்டர் மூடி வெறும் அடைப்பு அன்று. உள்ளே அழுத்தத்தை நிறுத்தித் தண்ணீரின் கொதிநிலையை உயர்த்துவது அதுவே. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீர் 111 டிகிரி வரை கொதிக்காது. 0.9 என்று குறித்த மூடி இருந்தால் 118 டிகிரி வரை கொதிக்காது. சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் நிறுவனம் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ரேடியேட்டர் மூடிகளைச் செய்து அனுப்பிப் பெயர் பெற்றது. இச்சிறு பாகத்துக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதற்கு இது சான்று. புதிய ரேடியேட்டருக்குப் புதிய மூடியும் வாங்க வேண்டும். வண்டித் தயாரிப்பாளர் குறித்த எண்ணைவிட உயர்ந்த மூடி போட்டால் பழைய ஹோஸ் குழாய் வெடிக்கும். தாழ்ந்த மூடி போட்டால் ஏற்றத்தில் கொதிக்கும்.

பொருத்தும் முறை

அலுமினிய ரேடியேட்டரைச் சட்டத்தோடு இறுக்கி முடுக்கக் கூடாது. வரப்பு ஏறி இறங்கும்போது வண்டியின் சட்டம் முறுக்குகிறது. அந்த முறுக்கு ரேடியேட்டருக்குப் போகாதபடி மேலும் கீழும் ரப்பர் புஷ் வைத்து மிதப்பாகத் தாங்க வைக்க வேண்டும். பழைய ரப்பர் கெட்டித்துப் போயிருந்தால் மாற்ற வேண்டும். பொருத்துமுன் எஞ்சினுக்குள் இருக்கும் பழைய துருத் தண்ணீரை நல்ல தண்ணீர் விட்டுத் தெளியும்வரை அலச வேண்டும். இல்லையேல் அந்தத் துரு புதிய குழாய்களில் முதல் வாரமே அடைத்துக்கொள்ளும்.

மின் கசிவையும் சோதிக்க வேண்டும். எஞ்சினிலிருந்து பேட்டரிக்கு வரும் எர்த் ஒயர் தளர்ந்திருந்தால் மின்சாரம் ரேடியேட்டர்த் தண்ணீர் வழியாகத் திரும்பப் பார்க்கும். அது சில மாதங்களிலேயே அலுமினியத்தைத் துளைத்துவிடும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, எஞ்சினை இயக்கி, விளக்குகளையும் எரியவிட வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மறு முனையை உலோகத்தைத் தொடாமல் ரேடியேட்டர்த் தண்ணீரிலும் வைக்க வேண்டும். அளவு 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயரைச் சரிசெய்த பின்பே வண்டியை ஓட்ட வேண்டும். ஆட்டோ எலெக்ட்ரீஷியன் சில நிமிடங்களில் இதைப் பார்த்துவிடுவார்.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

சோப்பு நுரைக்காத தண்ணீரும், காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடும் தண்ணீரும் ரேடியேட்டருக்கு ஆகாதவை. பாத்திரத்தில் படியும் அதே சுண்ணாம்பு குழாயிலும் படியும். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் இத்தகையதே. குற்றால அருவி நீரும் சிற்றாற்றின் புதுநீரும் பாறையில் வழிந்துவரும் உப்புக் குறைந்த நீர்தானே, அதை ஊற்றலாமே என்று கேட்கத் தோன்றும். உப்புப் படிவதற்கு அது கிணற்று நீரைவிட மேல்தான். ஆயினும் துருவையும் அரிப்பையும் தடுக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை. வழியில் அவசரத்துக்கு ஊற்றலாம். அதையே நிரந்தரமாக வைத்திருக்கக் கூடாது.

அரிப்பைத் தடுப்பது கூலண்ட். குளிர்நாட்டில் தண்ணீர் உறையாமல் இருக்க அதைச் சேர்க்கிறார்கள். தென்காசியில் தண்ணீர் உறைவதில்லையே, அது எதற்கு என்று கருதுவது தவறு. அதில் உள்ள அரிப்புத் தடுப்பு மருந்தே இங்குத் தேவை. கொதிநிலையும் சிறிது உயர்கிறது. அடர் கூலண்டைப் பேட்டரித் தண்ணீரோடு கலந்து ஊற்ற வேண்டும். மொத்தம் 10 லிட்டர் கொள்ளும் வண்டிக்கு 4 லிட்டர் கூலண்ட், 6 லிட்டர் பேட்டரித் தண்ணீர் என்ற அளவு பொருத்தமானது. பாதிக்கு மேல் கூலண்ட் ஊற்றுவதால் பயனில்லை. வெப்பம் கடத்துவது குறையும். கலந்தே விற்கப்படும் கூலண்டில் மீண்டும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. நிறத்தை மட்டும் பார்த்து வகையை முடிவு செய்வதும், இரு வகைகளைக் கலப்பதும் கூடாது. வண்டிப் புத்தகத்தில் குறித்த வகையைப் பார்த்து வாங்கி, டப்பாவில் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும்.

எச்சரிக்கை: பெரும்பாலான கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான கொடிய நஞ்சு. வடித்த கூலண்டைத் தொழுவத்தருகே திறந்து வைத்தால் மாடு, ஆடு, நாய் குடித்து இறக்கும். குழந்தைகளுக்கும் ஆபத்து. வாய்க்காலிலும் கொட்டக் கூடாது. மூடிய கலத்தில் அடைத்துப் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

பராமரிப்பு

தொழி உழவு முடிந்த அன்று மாலையே, எஞ்சின் ஆறியபின், ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். முன்பக்கத்திலிருந்து அடித்தால் சேறு உள்ளேதான் போகும். சர்வீஸ் ஸ்டேஷனின் உயர் அழுத்தக் குழாயை நெருங்கப் பிடித்தால் அலுமினிய மடிப்பு படுத்துவிடும். சாதாரணக் குழாய்த் தண்ணீரே போதும். அறுவடைக் காலத்தில் முன்னால் ஒரு கம்பி வலை கட்டி, நாளுக்கு இருமுறை தட்டிவிட வேண்டும். மடிப்பின்மேல் கனமாகப் பெயிண்ட் அடிக்கக் கூடாது.

எஞ்சின் கொதித்துவிட்டால் மூடியை உடனே திறப்பது உயிருக்கே ஆபத்து. சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும். சுமையை விட்டு, ஆறும்வரை பொறுத்து, துணியால் மூடியைப் பிடித்துச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும்.

யாருக்கு எது ஏற்றது?

முதலிலிருந்தே செம்பு, பித்தளை ரேடியேட்டரோடு வந்த பழைய டிராக்டர், கூலண்ட் வைத்துப் பராமரிக்க இயலாத நிலை, அடிக்கடி கிணற்றுத் தண்ணீரே ஊற்ற வேண்டிய கட்டாயம், அருகில் ஈயப்பற்றுப் பட்டறை உண்டு என்றால் செம்பு, பித்தளையையே தொடர்வது நல்லது. பழையதன் தொட்டிகள் நன்றாக இருந்தால் நடுப்பகுதியை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்வதும் சிக்கனமே.

அலுமினியத்தோடு வந்த புதிய வண்டி, மலைச்சாலையில் சுமை ஏற்றும் வண்டி, கூலண்டும் நல்ல தண்ணீரும் தவறாமல் வைக்கும் உழவர் என்றால் பற்றவைத்த அலுமினியம் தயங்காமல் வாங்கலாம். விலை மலிவான அலுமினியத்தை வாங்கி அதில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவதே எல்லாவற்றிலும் கூடிய செலவு. ரேடியேட்டருக்கு ஒதுக்கும் தொகையிலேயே கூலண்ட், மூடி, ஹோஸ், ரப்பர் புஷ் ஆகியவற்றின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பிசான உழவு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, ஆவணியில், இச்சோதனைகளை முடித்துவிட்டால், தண்ணீர் முறை வரும் நாளில் வண்டி பட்டறையில் நிற்காது. உழவர்கள் இம்முறைகளைக் கடைப்பிடித்து எஞ்சினையும் பருவத்தையும் காத்துப் பயன் பெறலாம்.